பச்சமுத்துவின் தடுமாற்றம்

எங்கள் பக்கத்தில் ஒருத்தன் நடந்துபோகும்போது தடுக்கி விழுந்தால், அடிபட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் வாயை மோந்து பார்ப்பார்கள். வாடை வந்தால் சிரிப்பார்கள். வராவிட்டால், ஏலக்காய் மென்றிருக்கிறான் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். பச்சமுத்து அண்ணன் பல வருஷம் இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நடந்தார். அவர் குடிக்கவில்லை. இதை நான் அப்போதே சொன்னேன். என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பெயர் தனசேகரன். பச்சமுத்துவின் தங்கை செவ்வந்தி எங்கள் தெரு. அண்ணனும் தங்கையும் மட்டும்தான், வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. சொந்தமாக ஒரு சாண் நிலமும் கிடையாது. இரண்டு பேருமே கரும்புக் காட்டில் கூலிக்குப் போய் வளர்ந்தவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா ரங்கம்மாள் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து செத்துப்போனாள். வயதானால் கண் போகத்தான் செய்யும் என்று ஊரில் சொன்னார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை என்பது இப்போது கணக்குப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பச்சமுத்து வெட்டுக்கூட்டத்தில் கட்டு ஏற்றுகிறவர். வெட்டிக் கட்டிய கரும்பைத் தலையில் வைத்துக்கொண்டு, லாரியில் சாய்த்து வைத்த பலகை மேல் ஏறிப் போய் அடுக்க வேண்டும். அந்தப் பலகை ஒரு ஆள் பாதம் வைக்கிற அகலம்தான் இருக்கும். எல்லாராலும் முடியாது. இவர் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார். பெண்சாதி கல்யாணமான மறு வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. மறு கல்யாணம் பண்ணிக்கொள் என்றவர்களிடம், எனக்குத் தங்கச்சி பொண்ணு இருக்குது, அது போதும் என்பார். வாங்குகிற கூலியில் அந்தப் பெண் கோகிலவாணிக்கு ஏதாவது வாங்காமல் ஊருக்குள் வர மாட்டார்.

இளவட்டத்தில் அவரும் பொங்கல், திருவிழா என்று குடித்தவர்தான். அம்மா சாகக் கிடந்தபோது கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணி விட்டுவிட்டார். செவ்வந்திக்கு இது தெரியும். ஆனால் அவள் புருஷனும் அதே மாதிரி எத்தனையோ தடவை கற்பூரம் அடித்தவன். அடித்துவிட்டு, வயிறு வீங்கிச் செத்தவன். அதனால் அவளுக்குக் கற்பூரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கோகிலவாணி வயசுக்கு வந்து மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்தார் பச்சமுத்து. மேளம் முன்னால் வர, புடவை, பழம், வெற்றிலை, தேங்காய், கூடவே ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள். அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நேராக வந்தவர், பக்கத்தில் நட்டிருந்த மூங்கில் காலில் தோளை இடித்துக்கொண்டார். தாம்பாளம் பறந்தது. தேங்காய் உருண்டு போய் மைக்செட்காரன் காலடியில் நின்றது. அந்தப் பையன் மைக்கிலேயே, மாமா சீருக்கு முன்னாடி காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டாரு என்றான். பந்தலே சிரித்தது.

செவ்வந்தி சிரிக்கவில்லை. கீழே கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாம்பாளத்தில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“எடுத்துக்கினு போ. குடிச்சிட்டு வந்து எம்பொண்ணுக்கு மால போட வேணாம்.”

“செவ்வந்தி, அம்மா மேல சத்தியமா நான் குடிக்கல. அந்தக் கால் எனக்குத் தெரியவே இல்ல.”

“எங்க வூட்டுக்காரரும் இதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு.”

ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டு மாலை போடச் சொன்னாள். தாய்மாமன் உயிரோடு நிற்கும்போது இன்னொருத்தன் கையால் மாலை வாங்குவதென்றால் எங்கள் ஜனத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவர் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தார். நான்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இறங்கும்போது, கொலுசு ஒண்ணு அங்கயே வுழுந்துடுச்சி, பாத்தா எடுத்துக் கொடு என்றார்.

அதற்குப் பிறகு எல்லாமே இறங்குமுகம்தான். ஒரு நாள் பலகையில் ஏறும்போது கால் வெளியே விழுந்து, கட்டோடு கீழே சாய்ந்தார். மேஸ்திரி வாயை மோந்து பார்த்தார். வாடை இல்லை. இருந்தாலும் நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார். பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது, மாடு தெரியாது, கதவு நிலை தெரியாது. நேரே பார்த்தால் மட்டும் பஸ் போர்டுகூடத் தெளிவாகப் படிப்பார். இதை வைத்துக்கொண்டு கண் கோளாறு என்று யார் நினைப்பார்கள்? போர்டு படிக்கிறவனுக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது. அவரே அப்படித்தான் நினைத்தார். கடைசியில் கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு மரவள்ளிக் காட்டில் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலைக்குப் போய், மோட்டார் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். கோகிலவாணியின் கல்யாணம் சின்னசேலத்தில் நடந்தது. அவருக்குப் பத்திரிகை போகவில்லை.

கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த அந்த ஆனி மாதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு சாமியானா போட்டிருந்தது. பிழைத்தவர்களில் சிலருக்கு ஒரே ராத்திரியில் கண் போனது. அந்த வாரத்தில்தான், வேறு எந்த வாரமும் கிடைக்காத மாதிரி, பச்சமுத்து அண்ணன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் ஆட்டோவைத் தேடி வந்தார். முன்சீட்டில் என் தோளோடு தோளாக உட்கார்ந்தார்.

“இன்னாண்ணே, எங்க இந்தப் பக்கம்?”

“தங்கச்சி வூட்டுக்கு. போன மாசம் பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டாங்க. எனக்குக் கண் நரம்பு காஞ்சிக்கினே வருதாம். ஓரத்துலருந்து மூடிக்கினு வருமாம். வலியே இருக்காதாம். போனது போனதுதான், திரும்ப வராதுன்னு சொல்லிட்டாங்க.”

நான் வண்டியைக் கிளப்பாமல் அவர் கண்ணையே பார்த்தேன்.

“என் கதைய வுடு. இது குடும்பத்துல வர்றதாம். கூடப்பொறந்தவங்களுக்கும் புள்ளைங்களுக்கும் உடனே காட்டணும்னு அந்த டாக்டரு திருப்பித் திருப்பி சொன்னாரு. ஆரம்பத்துலயே பாத்தா சொட்டு மருந்துலயே நிறுத்திடலாமாம். அம்மாவுக்கும் இதான் இருந்திருக்கும்னாரு.”

“போன் பண்ணி சொல்லிருக்கலாமேண்ணே.”

“என் போன அவ எடுக்க மாட்டா.”

அவள் வீட்டு வாசலில் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. வழியில்தான் கிடக்கும், யாரும் அதில் இடித்துக்கொள்வதில்லை. இவர் வாசற்படியையே பார்த்துக்கொண்டு போய், கல்லில் தடுக்கி, வரிசையாக வைத்திருந்த தண்ணீர்க் குடங்கள் மேல் விழுந்தார். சத்தம் கேட்டு செவ்வந்தி வெளியே வந்தாள். தெருவும் வந்தது. அடுத்த தெருவில் அப்போதுதான் ஒரு பிணம் எடுத்து முடித்திருந்தார்கள்.

“இந்த வாரத்துலயுமாண்ணா? இத்தினி பேரு செத்துக் கெடக்கறாங்களே, இந்த வாரத்துலயுமா உனக்கு?”

அவர் ஈரத்தில் உட்கார்ந்தபடியே சொன்னார். “கண்ண காட்டிக்க செவ்வந்தி. பொண்ணுக்கும் காட்டு. நம்ம குடும்பத்துல இருக்குதாம். டாக்டரு சொன்னாரு.”

“நம்ம குடும்பத்துல இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். அதான் ஒருத்தர பொதைச்சிட்டு நிக்கறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்த் தட்டினேன். அக்கா, வாடையே இல்லக்கா, என் பக்கத்துலதான் குந்திக்கினு வந்தாரு என்றேன். உள்ளேயிருந்து, நீ ஒரு சாட்சியா என்ற பதில் வந்தது. முன்பே சொன்னேன் அல்லவா, என் பேச்சு எடுபடாததற்குக் காரணம் உண்டென்று. சனிக்கிழமையானால் நானும் போடுகிறவன் என்பது தெருவுக்கே தெரியும்.

பச்சமுத்து அண்ணன் எழுந்தார். விழுந்த குடங்களைக் கையால் தடவித் தடவி நிமிர்த்தி வைத்தார். சாத்திய கதவைப் பார்த்து, ஒரு தடவ காட்டிட்டு வந்துடும்மா, அது போதும் எனக்கு என்றார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினார். தெருவில் ஒருத்தன், அந்தச் சரக்கு குடிச்சிருந்தா நாளைக்குக் கண்ணே தெரியாது, பாத்துக்கினே இரு என்றான். அவனை அப்போதே இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அடுத்த பொங்கலுக்கு நான் அவரைப் பார்க்கப் போனபோது இரண்டு கண்ணிலும் பார்வை முழுசாகவே போய்விட்டிருந்தது. ஆனாலும் மோட்டார் வேலையை விடவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தத்திலேயே தண்ணீர் வருகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வார். கொட்டகை வாசலிலிருந்து தொட்டி வரைக்கும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு கட்டியிருந்தார். பளபளவென்று நீல நைலான் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு போவார், வருவார். காட்டுக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் குனிந்து அதைத் தாண்டிப் போவார்கள். வெயிலில் அது கண்ணைக் கூசும், ரோட்டிலிருந்தே தெரியும். நான் ஊருக்கு வந்து செவ்வந்தியிடம் சொன்னேன். குடித்த கண்ணுக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. அழுதிருப்பாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளே தடுமாற ஆரம்பித்தாள். ஏரி வேலையில் பக்கத்தில் நிற்பவளின் மேல் மண்கூடையைக் கவிழ்த்தாள். பக்கவாட்டில் நான் ஹாரன் அடிக்க அடிக்க ஆட்டோ மேலேயே வந்து இடித்தாள். கேட்டால், கரும்பில் சோகை உரிக்கும்போது அந்தக் காய்ந்த இலை வலது கண்ணில் கிழித்துவிட்டது, அதிலிருந்துதான் இப்படி என்றாள். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் காரணத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அம்மாவுக்கு வயசு, அண்ணனுக்குக் குடி, இவளுக்குக் கரும்புச் சோகை. கோகிலவாணி போனில் சத்தம் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு மிஷின். வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். ஒரு கண்ணை மூடிவிட்டு, அதற்குள் முகத்தை வைத்து நடுவில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். நான் வாசலில் நின்றிருந்தேன். முதலில் வலது கண்ணுக்கு வைத்தார்கள். மிஷின் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. இவள் கை அழுத்தவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, மேடம், இன்னும் ஆரம்பிக்கலீங்களா என்று கேட்டாள். அந்த நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தது.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பெயர் ஜெயசுதா. முதல் கேள்வியாக, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கண்ணு போயிருக்காம்மா என்று கேட்டது.

“இல்லீங்க.”

“அவங்க அண்ணனுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“அது குடிச்சிப் போனது டாக்டர். அது வேற.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டது. “ஒரே நாள்லயா போச்சு? இல்ல கொஞ்சம் கொஞ்சமா போச்சா?”

செவ்வந்தி யோசித்தாள். “கொஞ்சம் கொஞ்சமாத்தாங்க. பல வருஷமா. மொதல்ல எல்லாத்துலயும் இடிச்சிக்குவாரு. பக்கத்துல இருக்கறது தெரியாது. நேரா இருக்கறது நல்லாத் தெரியும்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அவள் சொன்னது அண்ணனைப் பற்றி மட்டும் இல்லை என்பது அவளுக்கே விளங்கிவிட்டது.

“கெட்ட சாராயத்துல கண்ணு போறதுன்னா ஒரு நாள், ரெண்டு நாள்ல போயிடும்மா. பல வருஷமா ஓரத்துலருந்து மூடிட்டு வராது. உங்க அண்ணனுக்கு இருந்ததும் இந்தக் கிளாக்கோமாதான் போல. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பக் கெடுக்கற நோய். இது பொறப்பிலயே நம்ம ஜீன் வழியா கொஞ்சம் வருது. வந்தே தீரும்னு இல்ல. ஆனா அப்பா அம்மாவுக்கோ கூடப்பொறந்தவங்களுக்கோ இருந்தா மத்தவங்கள விட நமக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி. வயசு ஏற ஏற இன்னும் ஜாஸ்தி. அதனாலதான் ஒருத்தருக்கு வந்தா வீட்ல எல்லாரையும் பாக்கச் சொல்றோம். உங்ககிட்ட யாரும் சொல்லலியா?”

செவ்வந்தி மெதுவாகச் சொன்னாள்.

“எங்க அண்ணன் சொன்னாரு.”

வலது கண் ஏறக்குறைய போய்விட்டது, இடது கண்ணில் பாதி போல மிச்சம் இருக்கிறது, சொட்டு மருந்து விடாமல் போட்டால் அந்தப் பாதியைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றது டாக்டர். அண்ணன் சொன்னபோதே வந்திருந்தால் என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இதைவிட நிறைய மிச்சம் பண்ணிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வேறு யாரையும் ஏற்றவில்லை. பாதி வழியில் பின்சீட்டிலிருந்து அவள் கேட்டாள்.

“சேகரு, அன்னிக்கி எங்க அண்ணன் உன் பக்கத்துலதான குந்திக்கினு வந்தாரு?”

“ஆமாக்கா.”

“வாட வந்துச்சா?”

“இல்லக்கா. அன்னிக்கே சொன்னேனே.”

“பொண்ணு தெரட்டி அன்னிக்கி, சீர் கொண்டாந்தப்ப?”

“அன்னிக்கும் இல்லக்கா. நான்தான் ஏத்திக்கினு போனேன்.”

அதற்குப் பிறகு தியாகதுருகம் வரும்வரை அவள் அழுத சத்தம்தான். ஆட்டோவை ஓரம் கட்டலாமா என்று நினைத்தேன். கட்டினால் நானும் அழுதுவிடுவேன் என்று ஓட்டிக்கொண்டே போனேன்.

முதல் வேலையாகக் கோகிலவாணியைக் கூட்டிவந்து காட்டினாள். அந்தப் பெண்ணுக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. ஆனால் நரம்பு இன்னும் கெடவில்லை. தினமும் மருந்து போட்டுக்கொண்டு, சொன்ன தவணைக்கு வந்து காட்டினால் பயமில்லை என்றார்கள். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் செவ்வந்தி என்னிடம், நாளைக்கு மலையடிவாரத்துக்குப் போவணும், வண்டி எடு என்றாள்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். அண்ணன் ஆசையாகத் தின்கிற கேழ்வரகு அடை சுட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றைக் கொலுசும் இருந்தது. பந்தலில் விழுந்ததை அத்தனை வருஷமும் அவள்தான் வைத்திருந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்பதை வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கால்ல வுழுந்துடுவேன் என்று ஒரு தடவை மட்டும் காதில் விழுந்தது.

நல்ல வெயில். பச்சமுத்து அண்ணன் கொட்டகை வாசலில், கயிற்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் நரைத்து, ஆளே பாதியாகியிருந்தார். நான் வண்டியை நிறுத்தி டப்பாவை எடுப்பதற்குள் செவ்வந்தி இறங்கி நடந்துவிட்டாள். அண்ணன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நேராக நடந்தாள். அக்கா, கயிறு என்று நான் சொல்லி முடிக்கவில்லை. நேராகப் போய் நீலக் கயிற்றில் மோதினாள். கயிறு வயிற்றில் அழுத்தி நின்றது. மஞ்சள் முடிச்சு கையிலிருந்து நழுவியது.

கயிறு அவர் பிடியில்தான் இருந்தது. இழுத்த இழுப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது.

“யாரு? குனிஞ்சி வா. கயிறு கட்டியிருக்குது பாரு.”

“நான்தாண்ணா. செவ்வந்தி.”

அவர் எழுந்திருக்கப் போனார். முகமெல்லாம் சிரிப்பு வந்தது. அத்தனை வருஷம் காத்திருந்த சிரிப்பு அது. பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பட்டப்பகல் என்பது அவருக்கு வெயில் சூட்டில் தெரியும். அந்தக் கயிற்றில் இதுவரைக்கும் கண் தெரிந்த ஒருத்தர்கூட மோதியதில்லை என்பதும் தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக அவளிடம் வந்தார். கையைத் தூக்கி அவள் தலையைத் தொட்டு, நெற்றியைத் தொட்டு, இரண்டு கண் மேலும் விரலை வைத்தார்.

அவள் வழியெல்லாம் சேர்த்து வைத்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

“உனக்குமாம்மா?” என்றார்.